ஆற்றின் பெயரைப் பரிசாகப் பெற்றவர்!

குழந்தைகளே, ஓர் அரசாங்கம் ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் என்ன செய்யும்? பதக்கம் கொடுக்கும். பணமுடிப்பு கொடுக்கும். சிலை வைக்கும். ஆனால் ஒரு மனிதருக்கு ஓர் ஆற்றின் பெயரையே பரிசாகக் கொடுத்த நாடு ஒன்று உண்டு, தெரியுமா? அந்த நாடு சுவிட்சர்லாந்து. அந்த ஆறு லிந்த். அந்த மனிதர் ஹான்ஸ் கான்ராட் எஷர்.

அவர் அரசர் அல்ல. போரில் வென்ற தளபதியும் அல்ல. சூரிச் என்னும் மாநிலத்தைச் சேர்ந்த அரசியல்வாதி. சுவிட்சர்லாந்தில் மாநிலத்தைக் கன்டன் என்பார்கள். நம் மாவட்டம் அளவுக்குக்கூட இல்லாத சின்னக் கன்டன்களும் அங்கே உண்டு. அப்படி ஒரு சின்ன மாநிலத்து அரசியல்வாதிக்கு நாடே சேர்ந்து எதற்காக ஓர் ஆற்றின் பெயரைக் கொடுத்தது? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

துணி வியாபாரியின் மகன்

எஷர் 1767ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதி சூரிச் நகரத்தில் பிறந்தார். அப்பா கிரேப் துணி தயாரிக்கும் தொழிலதிபர். கிரேப் என்றால் நூலை நன்றாக முறுக்கி நெய்வதால் மேலே சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழும் மெல்லிய துணி. நல்ல வருமானம் உள்ள தொழில். ஊரை ஆண்ட பெரிய குடும்பங்களில் எஷர் குடும்பமும் ஒன்று. அந்தக் காலத்து சூரிச்சில் நகரத்துக் குடும்பங்களுக்குத்தான் ஆட்சியில் இடம். சுற்றியிருந்த கிராம மக்கள் வரி கட்டலாம், வேலை செய்யலாம். ஆட்சியில் பேச முடியாது.

பையன் அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்தார். இத்தாலிக்கும் போய் வந்தார். ஊர் திரும்பியதும் 1789இல் ரெகுலா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். இனி கடையும் கணக்குமாக வாழ்க்கை நிம்மதியாக ஓடியிருக்கும். ஆனால் எஷருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கல் பைத்தியம்!

ஆமாம், கோடை வந்தால் போதும். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பிவிடுவார். பாறை எந்த நிறத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஓடையில் கிடக்கும் உருண்டைக் கல் எந்த மலையிலிருந்து உருண்டு வந்தது என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அப்போது கேமரா கிடையாது. அதனால் பார்த்ததை எல்லாம் வரைந்துகொண்டார். அவர் வரைந்த மலைக் காட்சிகள் ஏறக்குறைய 900 இருக்கும்.

அவற்றில் சில படங்கள் ரொம்ப விசித்திரமானவை. உங்கள் வீட்டு மொட்டை மாடியின் நடுவில் நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தென்னை மரம், பக்கத்து வீடு, தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம் என்று வரிசையாக வந்து மறுபடியும் தென்னை மரத்திலேயே முடியும் அல்லவா? அதை அப்படியே வட்டமாகக் காகிதத்தில் வரைய முடியுமா? எஷர் மலை உச்சியில் நின்று சுற்றிலும் தெரிந்த சிகரங்களை எல்லாம் அப்படி வரைந்தார். படத்தின் நடுவில் நாம் நிற்பது போலவும், சிகரங்கள் நம்மைச் சுற்றி நிற்பது போலவும் இருக்கும். ஓவியர் என்று அவர் தன்னை நினைத்துக்கொண்டதில்லை. உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும், அவ்வளவுதான். அவர் காலத்தில் பனியாறுகள் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தன என்பதை இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கல் பைத்தியம் பின்னால் எதற்குப் பயன்பட்டது என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன். மறந்துவிடாதீர்கள்.

1798இல் பிரெஞ்சுப் படை சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தது. பழைய ஆட்சி கவிழ்ந்தது. நாடு முழுவதும் ஒரே குடியரசு என்று அறிவிக்கப்பட்டது. நகரத்தானும் கிராமத்தானும் சட்டத்தின் முன் சமம் என்றார்கள். பெரிய குடும்பத்துப் பிள்ளையாக இருந்தும் எஷர் இந்தச் சமத்துவத்தை ஏற்றுக்கொண்டார். புதிய நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். பால் உஸ்தேரி என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆனால் அந்தக் குடியரசு நிலைக்கவில்லை. சண்டை, சச்சரவு, கட்சி, எதிர்க்கட்சி. ஐந்தே வருடம்! 1803இல் நெப்போலியன் தலையிட்டு, மறுபடியும் மாநிலங்களைத் தனித்தனியாக ஆக்கிவிட்டார். மொத்தம் 19 கன்டன்கள்.

அரசியலில் இருந்த பலர் அதோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். எஷருக்கோ உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஏரிக்குள் மூழ்கிய ஊர்கள்

இப்போது உங்கள் மனதில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். தெற்கே உயரமான மலைகள். அது கிளாரஸ் மாநிலம். அங்கிருந்து வடக்கு நோக்கி லிந்த் ஆறு வேகமாக இறங்கி வருகிறது. மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், வலது பக்கம் அதாவது கிழக்கே, வாலன் ஏரி என்று நீளமான ஓர் ஏரி. இடது பக்கம், மேற்கே தூரத்தில், சூரிச் ஏரி. லிந்த் ஆறு வாலன் ஏரிக்குள் போகாமல், அதற்குப் பக்கத்திலேயே கடந்து சூரிச் ஏரியை நோக்கித் திரும்பிவிடும். வாலன் ஏரியிலிருந்து மாக் என்ற சிறிய ஆறு வழிந்து வந்து வழியில் லிந்த்தோடு சேர்ந்துகொள்ளும்.

இதில் என்ன தொல்லை?

தொல்லை தண்ணீரால் இல்லை, கற்களால்! நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, அதன் அடியில் ஒரு தட்டை வையுங்கள். பலகையின் மேலே கொஞ்சம் மணலும் சிறு கற்களும் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். சாய்வில் தண்ணீர் மணலையும் கல்லையும் அடித்துக்கொண்டு ஓடும். தட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறது? தண்ணீர் பரவி நிற்கும். மணலும் கல்லும் பலகை முடிகிற இடத்திலேயே குவிந்துவிடும். ஓட்டத்தின் வேகம் குறைந்தால் சுமையைக் கீழே போட்டுவிடும். ஆறும் அப்படித்தான்.

லிந்த் மலையிலிருந்து கொண்டு வந்த சரளைக் கற்களை எல்லாம் சமவெளியில் போட்டது. மலைச்சரிவில் காடுகளை வெட்டிவிட்டதால் கல்லும் மண்ணும் முன்பைவிட அதிகமாக வந்தன. 1762, 1764ஆம் ஆண்டுகளில் பெருவெள்ளம் வேறு வந்தது. ஆற்றின் படுகை கொஞ்சம் கொஞ்சமாக மேடாகிக்கொண்டே போனது. மேடான ஆறு, வாலன் ஏரியிலிருந்து வரும் மாக் ஆற்றின் வாயை அடைத்துவிட்டது. வீட்டுச் சாக்கடையில் குப்பை அடைத்துக்கொண்டால் முற்றத்தில் தண்ணீர் தேங்குமே, அதே கதைதான். ஏரியில் வந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. ஏரியின் மட்டம் வருடா வருடம் உயர்ந்தது.

ஏரியின் மேற்குக் கரையில் வேசன் என்ற ஊர். கிழக்குக் கரையில் வாலன்ஸ்டட் என்ற ஊர். இரண்டு ஊர்களுக்குள்ளும் ஏரி புகுந்தது. வெள்ளக் காலத்தில் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீரில் நிற்கும். தெருவில் படகு போகும். நல்ல விளைநிலமாக இருந்த இடமெல்லாம் சதுப்பு ஆனது. மாடு மேய்ந்த இடத்தில் கோரைப்புல் முளைத்தது.

அதைவிடக் கொடுமை காய்ச்சல். சதுப்பு நிலத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் மலேரியா பரவியது. குளிர்ந்து நடுங்கும், பிறகு கொதிக்கும், விடும், மறுபடி வரும். உடம்பில் வலு இல்லாமல் உழைக்க முடியாது. உழைக்காவிட்டால் சாப்பாடு இல்லை. சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் இதற்குக் காரணம் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுதான் குற்றவாளி என்பதை ரொனால்ட் ராஸ் நம் நாட்டின் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அதற்கு இன்னும் நூறு வருடம் இருந்தது. ஆனாலும் சதுப்பை வற்ற வைத்தால் காய்ச்சல் போகும் என்பது மட்டும் அந்த மக்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. காரணம் தெரியாமலேயே சரியான மருந்தைச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்!

இத்தனைக்கும் நடுவில் 1799இல் பிரெஞ்சு, ஆஸ்திரிய, ரஷ்யப் படைகள் இதே பள்ளத்தாக்கில் மோதிக்கொண்டன. படைகள் போன பிறகு மிச்சம் இருந்தது பசிதான்.

யோசனை இருந்தது, ஆள் இல்லை

இதற்கு என்ன வழி? உண்மையில் வழியை முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். பெர்ன் நகரத்தைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் லான்ஸ் என்ற பொறியாளர் 1783-84இல் அந்த இடத்தை அளந்து பார்த்து ஒரு திட்டம் கொடுத்தார். லிந்த் ஆற்றை வாலன் ஏரிக்குள்ளேயே திருப்பிவிடுங்கள் என்பதுதான் திட்டம்.

என்ன இது, ஏற்கெனவே நிரம்பி வழியும் ஏரிக்குள் இன்னோர் ஆற்றையும் விடுவதா என்று தோன்றுகிறதா? அங்கேதான் சூட்சுமம். வாலன் ஏரியின் ஆழம் சுமார் 150 மீட்டர். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் ஐம்பது மாடிக் கட்டடம் உள்ளே மூழ்கிவிடும்! லிந்த் கொண்டு வரும் கற்கள் எல்லாம் அந்த ஆழத்தில் விழுந்துவிடும். நூற்றாண்டுக் கணக்கில் விழுந்தாலும் ஏரி நிரம்பாது. ஏரியிலிருந்து வெளியே வரும் தண்ணீர் கல் இல்லாத தெளிந்த தண்ணீராக இருக்கும். அந்தத் தண்ணீருக்குச் சூரிச் ஏரி வரை நேராக, அகலமாக ஒரு கால்வாய் வெட்டிவிட்டால் அது படுகையை மேடாக்காது. ஏரியின் மட்டமும் தானாக இறங்கும்.

இவ்வளவு அருமையான திட்டம் இருபது வருடம் அலமாரியில் தூங்கியது. ஏன்? அந்தச் சமவெளி கிளாரஸ், ஷ்விஸ், 1803இல் உருவான செயின்ட் காலன் என மூன்று மாநிலங்களுக்கு நடுவில் கிடந்தது. கீழே ஏரிக் கரையில் சூரிச் மாநிலம். செலவை யார் ஏற்பது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். மூழ்கிய ஊர்களிடமோ பணம் இல்லை. பணம் இருந்த ஊர்கள் மூழ்கவில்லை!

எஷர் கல் பார்க்கப் போகும் வழியில் இந்த ஊர்களைப் பலமுறை பார்த்தவர். கற்கள் எங்கிருந்து வருகின்றன, எப்படி நகர்கின்றன, எங்கே நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மற்றவர்கள் வெள்ளத்தைப் பார்த்துப் பயந்தார்கள். அவர் வெள்ளத்தின் அடியில் உருளும் கல்லைப் பார்த்தார். லான்ஸின் திட்டம் சரி என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. இதைச் செய்தே ஆக வேண்டும் என்று பேசினார், எழுதினார்.

1804இல் எல்லா மாநிலங்களின் பொதுப் பேரவை திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அடுத்த வருடமே ஐரோப்பாவில் மறுபடியும் போர். மேலும் மூன்று வருடம் போனது. 1807இல்தான் வேலை தொடங்க வழி பிறந்தது. மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவராக எஷர் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40. அதே 1807இல்தான் அவருடைய மகன் ஆர்னால்டும் பிறந்தான்.

பணத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. வரி போடவில்லை. பங்குகள் விற்றார்கள். ஒரு பங்கின் விலை 200 பிராங்க். முதலில் 1,600 பங்குகள் என்று அறிவித்தார்கள். மூழ்கிய ஊர்களைக் கண்ணாலேயே பார்த்திராதவர்கள்கூட, நாட்டின் வேறு மூலைகளில் இருந்தவர்கள்கூட வாங்கினார்கள். வேலை நீள நீளப் பங்குகளும் கூடிக் கடைசியில் 4,000க்கும் மேல் போனது. வற்றி மீளும் நிலத்தை விற்றும், பயனடையும் நிலக்காரர்களிடம் ஒரு பகுதி வாங்கியும் பணத்தைத் திருப்பித் தருவதாக ஏற்பாடு.

மாநிலத்துக்கு மாநிலம் முகம் பார்க்காத காலத்தில், யாரோ ஓர் ஊர்க்காரனின் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருப்பதற்கு வேறோர் ஊர்க்காரன் பணம் போட்டான். சட்டம் போட்டு ஐந்து வருடம் முயன்றும் ஒன்றாகச் சேர்க்க முடியாத நாட்டை ஒரு கால்வாய் கொஞ்சம் சேர்த்து வைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

பங்கு வாங்கியவர்களிடம் எஷர் கணக்கை மறைக்கவில்லை. எவ்வளவு தூரம் வெட்டியாயிற்று, எதில் தடங்கல், எவ்வளவு செலவு என்று அவ்வப்போது அறிக்கை அச்சடித்து வெளியிட்டார்.

சேற்றில் ஒரு தலைவர்

பக்கத்து நாடான பாடனிலிருந்து யோஹான் கோட்ஃபிரீட் துல்லா என்ற சிறந்த பொறியாளரை வரவழைத்தார்கள். கால்வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு, கரை எவ்வளவு உயரம் என்றெல்லாம் அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பிற்காலத்தில் பெரிய ரைன் நதியையே நேராக்கும் வேலையைத் தொடங்கியவர் இவர்தான். ஆனால் துல்லா தன் நாட்டு வேலைக்குத் திரும்பியாக வேண்டும். களத்தில் நின்று வேலையை முடிக்க வேண்டிய பொறுப்பு எஷருடையது. அவரோ பொறியியல் கல்லூரியில் படித்தவர் அல்ல!

முதல் வேலை, மோலிஸ் என்ற ஊரிலிருந்து வாலன் ஏரி வரை லிந்த்துக்குப் புது வழி வெட்டுவது. இன்றைக்கு இருப்பது போல மண் அள்ளும் இயந்திரமோ லாரியோ அப்போது ஏது? மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, படகு. இவற்றோடு நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள். ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் காய்ச்சல். மழைக்காலத்தில் ஆறு பொங்கினால் பல நாள் கட்டிய கரையை ஒரே இரவில் கொண்டுபோய்விடும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

கரையோரத்து விவசாயிகள் எல்லோரும் மாலை போட்டு வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். கால்வாய்க்கு நிலம் கொடுக்க வேண்டும். நிலம் நன்றாக ஆன பிறகு அதற்குப் பணமும் கட்ட வேண்டும். எங்கிருந்தோ வந்த நகரத்துப் பணக்காரன் நம் ஆற்றைத் திருப்புவதா என்ற சந்தேகம் அவர்களுக்கு. அது இயல்புதானே? எஷர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அங்கேயே தங்கினார். கரை கட்டும் இடத்தில் தொழிலாளர்களோடு நின்றார். கற்களை எங்கே போட வேண்டும், தண்ணீரின் வேகத்தை வைத்தே எப்படிப் படுகையைத் தோண்ட வைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். இதற்காக அவர் ஒரு காசுகூடச் சம்பளம் வாங்கவில்லை.

1811ஆம் ஆண்டு மே மாதம் லிந்த் ஆறு தன் பழைய வழியை விட்டுப் புதிய கால்வாயில் பாய்ந்து வாலன் ஏரிக்குள் இறங்கியது. ஒரு மலையாற்றை அதன் வழியிலிருந்து திருப்பிவிட்டார்கள்! ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தக் கால்வாய்க்கு இன்று எஷர் கால்வாய் என்று பெயர்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. ஏரியிலிருந்து சூரிச் ஏரி வரை இன்னொரு கால்வாய் வேண்டும். அது 17 கிலோமீட்டர். சதுப்புக்கு நடுவே வெட்ட வேண்டும். அதற்கு மேலும் ஐந்து வருடம் ஆனது. 1816இல் அந்தக் கால்வாயிலும் தண்ணீர் ஓடியது.

1816 எப்படிப்பட்ட வருடம் தெரியுமா? கோடையே வராத வருடம்! அதற்கு முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதிலிருந்து கிளம்பிய தூசும் புகையும் வானத்தில் பரவி வெயிலை மறைத்தன. ஐரோப்பாவில் ஜூன், ஜூலையில்கூடக் குளிரும் மழையும். பயிர்கள் பழுக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில் அடுத்த வருடம் வரை கடும் பஞ்சம். எங்கோ ஒரு மலை வெடித்தால் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் போகிறது.

வற்றிய நிலத்தில் குடியேற ஏழைகளுக்கு வழி கிடைத்தது. கிளாரஸ் மாநிலத்தின் ஏழைக் குழந்தைகளுக்காக லிந்த் கரையில் 1819இல் ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. படிப்போடு வயல் வேலையும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

வாலன் ஏரியின் மட்டம் காலப்போக்கில் ஐந்து மீட்டர் அளவுக்கு இறங்கியது. வேசன், வாலன்ஸ்டட் வீடுகளிலிருந்து தண்ணீர் வெளியேறியது. சதுப்பு, மேய்ச்சல் நிலமும் வயலுமானது. மலேரியா அந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போனது. முன்பு குழந்தைகள் காய்ச்சலில் படுத்துக் கிடந்த வீடுகளில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் என்னவென்றே தெரியவில்லை.

கடைசி வருடங்கள்

லிந்த் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சூரிச் மாநிலம் எஷரைத் தன் அரசுக் குழுவில் சேர்த்துக்கொண்டது. நெப்போலியன் வீழ்ந்து, மாநிலங்கள் மறுபடி ஆட்சியை மாற்றி அமைத்த காலம் அது. பல இடங்களில் பழைய குடும்பங்கள் பழைய சலுகைகளைத் திரும்பக் கேட்டன. எஷரோ கூட்டத்துக்குப் போவார், கோப்பு பார்ப்பார், நேரம் கிடைத்தால் லிந்த் கரைக்குக் கிளம்பிவிடுவார். கரை எங்காவது அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே!

1818இல் வாலே மாநிலத்தில் பாஞ் என்ற பள்ளத்தாக்கில் ஒரு விபரீதம் நடந்தது. பனியாறு சரிந்து விழுந்து ஓர் ஆற்றை அடைத்தது. பின்னால் ஏரி போலத் தண்ணீர் தேங்கியது. ஒரு நாள் அந்தப் பனி அணை உடைந்து, வெள்ளம் பள்ளத்தாக்கையே துடைத்துக்கொண்டு போனது. பலர் இறந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த எஷர் அந்த இடத்தையும் ஆராய்ந்து எழுதினார். தண்ணீரும் கல்லும் சேர்ந்து எங்கே என்ன செய்தாலும் அவரால் சும்மா இருக்க முடியாது போலும்!

1823ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி சூரிச்சில் அவர் காலமானார். வயது 55.

அதே வருடம் மாநிலங்களின் பொதுப் பேரவை கூடியது. சுவிட்சர்லாந்து குடியரசு நாடு. அரசர் கொடுப்பது போல பிரபு, கோமான் என்று பட்டம் கொடுக்கும் வழக்கம் அதற்கு இல்லை. ஆனால் எஷருக்காக ஒரு பெயரைக் கொடுத்தார்கள். இனி இந்தக் குடும்பத்தின் பெயர் எஷர் ஃபான் டெர் லிந்த். அதாவது, லிந்த் ஆற்றின் எஷர். ஜீகல்புருக்கே என்ற இடத்துக்குப் பக்கத்தில், பழைய லிந்த்தும் மாக்கும் சேர்ந்த இடத்தை ஒட்டிய பாறையில், அவர் நினைவாகக் கல்வெட்டு ஒன்றும் பதித்தார்கள். கல்லை நேசித்தவருக்குக் கல்லிலேயே நினைவுச் சின்னம்.

கால்வாய் வேலை தொடங்கிய வருடம் பிறந்தானே மகன் ஆர்னால்ட், அவன் என்ன ஆனான்? அப்பாவின் கல் பைத்தியம் அவனையும் பிடித்துக்கொண்டது. பெரிய நிலவியல் அறிஞராகி, சூரிச்சின் தொழில்நுட்பக் கல்லூரியில் நிலவியல் பேராசிரியர் ஆனார். கிளாரஸ் மலைகளில் ஓர் அதிசயம் உண்டு. எப்போதும் பழைய பாறை அடியிலும் புதிய பாறை மேலேயும்தானே இருக்கும்? அங்கே தலைகீழ்! சுமார் 25 கோடி வருடத்துக்கு மேற்பட்ட பழைய பாறை, மிகவும் இளைய பாறையின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்பா இதை முதலில் கவனித்தார். மகன் 1841இல் அதை விளக்கி எழுதினார். மலைகள் எப்படி உருவாகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இது உலகத்துக்கே உதவியது. அந்தப் பகுதியை யுனெஸ்கோ 2008இல் உலக இயற்கைச் சொத்தாக அறிவித்தது.

இருநூறு வருடம் ஆனாலும் கால்வாயைக் கவனிக்காமல் விட முடியுமா? கரைகள் பழசாகிவிட்டன என்று 2008 முதல் 2013 வரை இரண்டு கால்வாய்களையும் பலப்படுத்தினார்கள். ஆறு விரிந்து ஓடவும், மீன்களும் பறவைகளும் வாழவும் சில இடங்களில் கரையைத் தள்ளிப் போட்டார்கள். யார் செலவு செய்வது என்று சண்டை போட்ட அதே மாநிலங்கள்தான், கிளாரஸ், ஷ்விஸ், செயின்ட் காலன், சூரிச் நான்கும் சேர்ந்து இப்போது அதைப் பராமரிக்கின்றன.

லிந்த் இன்றும் மலையிலிருந்து கற்களை உருட்டிக்கொண்டு வந்து வாலன் ஏரியின் ஆழத்தில் போட்டுக்கொண்டிருக்கிறது. சூரிச் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் லிந்தெஷர் பள்ளி.